எலி, உண்ணி, லைம் நோய்: உங்கள் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. தினமும் மான் வருகிறது. உண்ணி கடித்து வரும் லைம் நோய் மானால்தானே?

மான் மேல் பழி போடுவது வழக்கம்தான். வளர்ந்த உண்ணிகள் மான் ரத்தம் குடித்துப் பெருகுவது உண்மை. ஆனால் லைம் நோயின் பொரேலியா பாக்டீரியா மானிடமிருந்து உண்ணிக்கு ஏறுவதில்லை. முட்டையிலிருந்து வரும் கருங்கால் உண்ணிக் குஞ்சிடமும் அது கிடையாது. கோடைக் கடைசியில் முதல் தடவை ரத்தம் குடிக்க அந்தக் குஞ்சு பெரும்பாலும் ஏறுவது வெண்பாத எலி மேல். கிருமி ஒட்டிக்கொள்வது அங்கேதான். எலிக்கோ ஒன்றும் ஆவதில்லை, சுமந்துகொண்டே திரியும். அடுத்த மே, ஜூனில் கசகசா அளவுக்கு வளர்ந்த உண்ணி இரண்டாம் வேளைக்கு ஆள் தேடும்போது நாம் மாட்டுகிறோம். ஓக் மரம் கொட்டைகளை வாரிக் கொட்டினால் மறு வருடம் எலி பெருகும். அதற்கும் அடுத்த வருடம் உண்ணித் தொல்லை. அந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

அப்படியென்றால் எலிக்கு விஷம் வைக்கலாமா?

வேண்டாம், விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகும். பர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியில் தோய்த்த பஞ்சு அடைத்த குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. எலி பஞ்சை உருவிக் கூட்டில் மெத்தை போட்டுக்கொள்ளும், மேலிருக்கும் உண்ணி செத்துவிடும். முழுசாக நம்பிவிடாதீர்கள்; குஞ்சு உண்ணி மற்ற சிறு பிராணிகள் மேலும் ஏறும்.

உண்ணி கடித்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய் தடவலாமா?

கூடாது, நெருப்பும் காட்டாதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கிருமி தங்கியிருப்பது உண்ணியின் குடலில்; 1981ல் விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபர் முதலில் கண்டதும் அங்கேதான். எச்சில் வழியாக நமக்குள் இறங்க அதற்குப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, அன்றன்றைக்கே தேடி எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தேவையென்றால் ஒரே ஒரு வேளைக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார். ரத்தப் பரிசோதனைக்கு உடனே ஓட வேண்டாம், பரிசோதனை தேடும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) உருவாகச் சில வாரம் ஆகும்.

ஊரில் அம்மாவுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். அதுவும் இதுதானா?

இல்லை, அது வேறு கிருமியால் வரும் காய்ச்சல். அதைப் பரப்புவது புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. அங்கே எலி முக்கியமாக அந்தக் குஞ்சுக்கு ரத்தச் சாப்பாடு இல்லாமல், தோல் திரவச் சாப்பாடு போடுகிறது. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வந்துவிடும். மருந்து மட்டும் அதே டாக்சிசைக்ளின். பலருக்கு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது என்பதால் காய்ச்சல்காரரே அதைப் பார்த்திருக்க மாட்டார்.