636001: பகா எண்ணா, யோக எண்ணா?

கேள்வி: சேலம் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 636001. இது பகா எண், இலக்கங்களைக் கூட்டினால் 7 வேறு, அதனால் ஊருக்கே தனி யோகம் என்கிறார் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர். நானும் 2 முதல் 31 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். மீதி வந்துகொண்டேதான் இருக்கிறது. அவர் சொல்வது சரிதானா?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: 31-இல் ஏன் நிறுத்தினீர்கள், கை வலித்ததா? கொலுசில் நாலு கண்ணியை உரசிப் பார்த்துவிட்டு மொத்தமும் சுத்த வெள்ளி என்று உங்கள் நண்பர் ஒப்புக்கொள்வாரா? வர்க்கமூலம் வரை போய்ப் பார்க்காமல் எந்த எண்ணையும் பகா எண் என்று சொல்லக் கூடாது. 636001-க்கு அது 797-ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதுவரை 139 பகா எண்கள் உண்டு. நீங்கள் பார்த்தது 11. விடாமல் போயிருந்தால் 118-ஆவதாக வரும் 647-இல் மாட்டியிருக்கும். 647 × 983 = 636001. ஆக, பகு எண்தான். ஆனால் லேசுப்பட்டதல்ல: 647, 983 இரண்டுமே பகா எண்கள், இடையில் உடைக்க வேறு எதுவும் கிடையாது.

118 தடவை வகுக்கச் சோம்பலாக இருந்தால் 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா காட்டிய வழி இருக்கிறது. (அவருக்குத் தொழில் சட்டம், கணக்கு ஓய்வுநேர ஆசை.) 798-இன் வர்க்கத்திலிருந்து 636001-ஐக் கழியுங்கள். 803 வரும், அது வர்க்க எண் இல்லை. சரி, அடுத்து 799, 800 என்று ஏறுங்கள். 815-இல் 664225 − 636001 = 28224. இது 168-இன் வர்க்கம்! அப்புறம் என்ன, 815-இலிருந்து 168-ஐக் கழித்தால் 647, கூட்டினால் 983. மொத்தமே 18 படி. ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவே 20. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் இவ்வளவு சுருக்காக முடிந்தது. தூரத்தில் இருந்தால் நாள் கணக்கில் ஏற வேண்டியதுதான்.

பெருக்குவது நிமிட வேலை, பிரிப்பது பெரும்பாடு. இதை வைத்தே 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற கணினி அறிஞர்கள் மூவரும், செய்திகளைப் பிறர் படிக்காமல் காக்கும் ரகசியப் பூட்டு ஒன்றைச் செய்தார்கள். இன்று அதில் பரவலாகப் புழங்கும் எண்களுக்கு 617 இலக்கம் உண்டு. நம் ஊருக்கு ஆறுதான்.

யோகத்துக்கு வருவோம். கூட்டி வந்த அந்த 7, 636001-ஐ ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. அவ்வளவுதான் அதன் மகிமை. ஏழால் வகுத்தாலோ 2 மீதி. 1972-இல் பின்கோடு வந்தபோது முதல் இலக்கம் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்துக்குப் போனது. கடைசி மூன்று, தபால் நிலையத்தின் அடையாளம். ஜாதகம் பார்த்து யாரும் தரவில்லை.

நண்பருக்கு 7 மேல் அவ்வளவு பிரியம் என்றால் மலையேறச் சொல்லுங்கள். ஏற்காட்டின் 636601-ஐக் கூட்டினால் 4-தான் வரும். ஆனால் அதை உடைத்தால் 7 × 199 × 457.