கேள்வி நேரம்: "பையன் எங்ககிட்ட இருக்கான்"

கே: போன வாரம் மத்தியானம் ஒரு போன். "உன் பையன் எங்ககிட்ட இருக்கான், ரெண்டு லட்சம் அனுப்பு" என்று அரைகுறைத் தமிழில் ஒருவன். பின்னால் "அம்மா, அம்மா" என்று அழுகை. மகன் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் ஜி-பேயைத் திறந்தே விட்டார். பக்கத்து வீட்டு அக்கா அவனுடைய ரூம்மேட்டுக்கு போன் போட்டால், மகராசன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! இப்படியுமா செய்வார்கள்?
- ஒரு அம்மா, அம்மாபேட்டை

ப: செய்கிறார்கள். நிஜமாக ஆளைத் தூக்குவது செலவு பிடிக்கிற தொழில். கார் வேண்டும், மறைத்து வைக்க வீடு வேண்டும், வேளாவேளைக்குச் சோறு போட வேண்டும். இவனுக்கு ஒரு போன் போதும், மீதி வேலையை உங்கள் பயமே பார்த்துக்கொள்ளும். யார் பிள்ளை அழுதாலும் அந்த நேரத்தில் நம் பிள்ளை மாதிரிதான் கேட்கும். அதுவும் போதாதென்று இப்போது பையன் பேசிய சின்ன வீடியோ கிடைத்தாலே குரலை நகலெடுத்து விடுகிறார்கள். "கட் பண்ணினா பையன் இல்லை" என்று சொன்னானா? சொல்லியிருப்பான். நீங்கள் துண்டித்தால் அடுத்த நிமிஷம் மகனைத்தான் கூப்பிடுவீர்கள், அத்தோடு அவன் கடை காலி. அந்த அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியும் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாயி வீட்டு நாய்க்கு என்ன பேர் என்கிற மாதிரி. பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் செய்ய வேண்டும், கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். போகாவிட்டாலும் அவன் கூப்பிட்ட நம்பரைப் புகாராகக் கொடுத்துவிடுங்கள்.

கே: சந்தனக்கட்டையையும் கடத்துகிறார்கள், ஆளையும் கடத்துகிறார்கள். தமிழில் வேறு சொல்லே இல்லையா?
- வாசகர், ஆத்தூர்

ப: கடத்துவது என்றால் ஒன்றைக் கடக்க வைப்பது, அவ்வளவுதான். செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது, பாக்கிக்காரர் நாளைக் கடத்துகிறார். கட்டையையும் ஆளையும் வீரப்பன் என்ற ஒரே ஆள் கடத்திய சீமையில் இருந்துகொண்டு நமக்கு எதற்கு இரண்டு சொல்?

கே: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூலக்காட்டில்தான் வீரப்பனைப் புதைத்தார்கள். கன்னட நடிகர் ராஜ்குமாரை அவர் கடத்தியது பணத்துக்கா, கொள்கைக்கா? டீக்கடையில் தினமும் சண்டை.
- வாசகர், கொளத்தூர்

ப: வெளியே வைத்த கோரிக்கைகளில் காவிரி இருந்தது, பெங்களூரில் திருவள்ளுவர் சிலை இருந்தது, தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே இருந்த கைதிகளை விடுவிப்பதும் இருந்தது. 2000 ஜூலை 30 இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டில் தூக்கினார்கள். 108 நாள் கழித்து நவம்பர் 15 அன்று விட்டார்கள். நடுவில் கைதிகள் மேல் இருந்த தடா வழக்குகளை விலக்கிக்கொள்ள அரசாங்கமே தயாரானது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர், வீரப்பன் கூட்டத்தால் கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் அப்பா. கோர்ட் அவர் பக்கம் நின்றது. டீக்கடையில் இந்தப் பெரியவரைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? இரண்டு வருஷம் கழித்து, 2002இல், கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டார், உயிரோடு திரும்பவில்லை. வீரப்பன் 2004இல் செத்தார். ராஜ்குமார் வழக்கு கோபிசெட்டிபாளையம் கோர்ட்டில் 2018 வரை ஓடி, மிச்சமிருந்த ஒன்பது பேரும் விடுதலை. சண்டையைத் தொடருங்கள்.

கே: நாங்கள் இருப்பது ஏற்காடு. பிள்ளை சேலத்தில் காணாமல் போனால் எந்த ஸ்டேஷன்?
- வாசகி, ஏற்காடு

ப: எது பக்கமோ அது. ஏற்காடு மாவட்ட போலீஸ், சேலம் மாநகர போலீஸ், அது அவர்கள் பாடு. எல்லை பார்க்காமல் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 24 மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் அது சட்டத்தில் இல்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதே 112க்கும் போன் போட்டுவிடுங்கள்.

கே: என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். ஆறு லட்சம் பாக்கி வைத்தவரின் மகனை, பிளஸ் டூ படிக்கிற பையனை, காரில் ஏற்றிக்கொண்டு போய் மலையில் ஒரு ராத்திரி வைத்திருந்து, "பணத்தை வை, பையனைக் கூட்டிட்டுப் போ" என்றிருக்கிறான். காலையில் அவனே கொண்டுவந்து விட்டுவிட்டான். பிரியாணி எல்லாம் வாங்கிக் கொடுத்தானாம். சொந்தப் பணத்தைத்தானே கேட்டான், இது கடத்தலா?
- பெயர் வேண்டாம்

ப: கடத்தல்தான். பணம் யாருடையது என்பது இங்கே கேள்வியே இல்லை, ஒருவரைப் பணிய வைக்க இன்னொருவரைப் பிடித்து வைத்தானா, மிரட்டினானா என்பதுதான். பிணை வைத்துக் கடத்துவதற்கென்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 1993இல் சேர்த்த பழைய 364ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 140(2) ஆகியிருக்கிறது. தண்டனை தூக்கு அல்லது ஆயுள், கூடவே அபராதம். பிரியாணியைச் சொன்னீர்களே, அது சின்ன விஷயமில்லை. தெலங்கானாவில் ஒரு ஆட்டோ டிரைவர் ஆறாம் வகுப்புப் பையனைத் தூக்கி இரண்டு லட்சம் கேட்டார். கொன்றுவிடுவேன், அடிப்பேன் என்ற மிரட்டலோ, அப்படிப் பயப்பட வைக்கும் நடத்தையோ நிரூபணமாகவில்லை. பையனும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார் என்றான். 2021இல் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை எடுத்துவிட்டு, சாதாரணக் கடத்தலுக்கான ஏழு வருஷம் கொடுத்தது. ஏழு வருஷம் என்ன கொஞ்சமா? அதனால் தம்பி அந்த ராத்திரி போனில் என்ன வார்த்தை பேசினான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "முழுசா வேணுமா" என்று கேட்டிருந்தால் அது வேறு கணக்கு. ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கையெழுத்து வாங்கி முடித்துவிடலாம் என்று அலையாதீர்கள், இது அப்படித் தீருகிற வழக்கு இல்லை. பாக்கிக்குத் தனியாக சிவில் வழக்கு போடலாம், மூன்று வருஷக் கெடு தாண்டக் கூடாது. தம்பியை இன்றைக்கே ஒரு கிரிமினல் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிரியாணிக் கடை பில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.