சண்டை போடாத போர்க்கப்பல்

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹார்ட்டில்பூலில் ‘டிரிங்கோமாலி’ என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பலைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெயர்! அது பெரிய சண்டை எதிலும் இறங்கியதில்லையாம். அப்படிப்பட்ட கப்பலுக்கு ஏன் இவ்வளவு பராமரிப்பு? எங்கள் ஊரில் கட்டியதா?

ஆர்., திருகோணமலை

அன்புள்ள ஆர்.,

கட்டியது பம்பாயில். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பற்கட்டுநர், கப்பலின் அடிமரமான ஏராவில் வெள்ளி ஆணி அடித்துத் தொடங்கிவைத்தார். மலபார் தேக்கில் உருவாகி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கியது.

பெயர், 1782 செப்டம்பர் 3 அன்று உங்கள் ஊர்க் கடலில் நடந்த போரிலிருந்து வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரான் கோட்டையைப் பிடித்திருந்தார். ஹியூஸின் ஆங்கிலேயக் கடற்படை வந்து மோதியது; யாருக்கும் வெற்றியில்லை, கோட்டையும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பெயரை ஆசையாகக் கப்பலுக்கு வைத்தது வெள்ளைக்காரனின் தனி மனசு!

சண்டை போடாததற்குக் காரணம், பிறக்கத் தாமதமானதுதான். கட்ட உத்தரவானது 1812இல், நெப்போலியன் போர்க்காலத்தில். இதைக் கட்டுவதற்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை, அந்த டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அடித்து நொறுக்கியது. இழுத்துப்போகவும் முடியாத நிலை, கொளுத்திவிட்டார்கள். வரைபடமும் போயிற்று. மறுபடி நகல் வந்து 1816இல் ஏரா வைத்தபோது நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரே முடிந்திருந்தது.

போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்த புதுக்கப்பலுக்கு மேலே கூரை போட்டு, கால் நூற்றாண்டு சும்மா நிறுத்திவைத்தார்கள். பிறகு பீரங்கிகளை 38இலிருந்து 26 ஆகக் குறைத்து அனுப்பினார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். 1852 முதல் 1857 வரை பசிபிக். கடற்பணி அவ்வளவுதான். அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன.

பிறகு பயிற்சிக் கப்பல். 1897இல் உடைக்க விற்றார்கள். அதே ஆண்டு, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் ஒருகாலத்தில் தன் தலைமைக் கப்பலாகக் கொடியேற்றிய ‘ஃபூத்ரோயான்’ இங்கிலாந்தின் பிளாக்பூலில் கரைதட்டிச் சிதைந்தது. அதன் உரிமையாளர் காப், மாற்றாக இதை வாங்கி அதே பெயரைச் சூட்டினார். 1992 வரை உங்கள் ஊர்ப் பெயர் மறைந்தே இருந்தது.

பராமரிப்பு ஏன் என்றால், சண்டையில் அடிபடாத உடம்பு என்பது ஒன்று, தேக்கு இன்னொன்று. ஆங்கிலேயர் வழக்கமாகக் கப்பல் கட்டிய ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும், தேக்கின் எண்ணெய் காக்கும். பிரிட்டனில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது. உலகக் கணக்கில் இதைவிட மூத்ததாக பாஸ்டனில் ஒன்று மிதக்கிறது: ஜாவாவைக் கொளுத்திய அதே கான்ஸ்டிடியூஷன்.