மாதாமாதம் பூச்சி மருந்து ஊற்றியும் குட்டி சாகிறதே, ஏன்?

கேள்வி: ஐயா, எங்களுக்குப் புவனகிரி பக்கம். இருபது ஆடு வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் பள்ளை ஆடு, மீதி தலைச்சேரிக் கலப்பு. மழை பிடித்ததிலிருந்து மாதம் ஒரு தடவை அல்பெண்டசோல் மருந்து தலைக்கு 5 மில்லி ஊற்றி வருகிறேன். அப்படியும் இரண்டு பெட்டை மெலிந்துபோய், தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கிவிட்டது. பால் மறந்த குட்டிகளுக்கு ஓயாத கழிச்சல், மூன்று செத்துவிட்டன. ஐவர்மெக்டின் ஊசி போட்டால் எல்லாப் பூச்சியும் போய்விடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். எது ரொம்ப வீரியமான மருந்து? ஒரே தடவையில் சுத்தமாகப் போக வேண்டும்.

பதில்: தம்பி, இன்றைக்கே அந்த இரண்டு பெட்டைகளின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய சதை வெளுத்துப்போயிருந்தால் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள், நிழலில் கட்டி தழையை அங்கேயே கொண்டுபோய்ப் போடுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஹீமான்கஸ் என்கிற உருண்டைப்புழு நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லிதான், ஆனால் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி ரத்தம் போகிறது. ரத்தத்தில் புரதம் குறையக் குறைய நீர் தாடையில் இறங்கும். நெல் வயல் ஓரம், வாய்க்கால் ஓரம் மேய்கிற ஆட்டில் நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத்தான் கொடுக்கும். வெளியே நின்று பார்த்து எது என்று சொல்ல என்னால் முடியாது, கடைக்காரராலும் முடியாது. ஐவர்மெக்டின் தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் தொடவே தொடாது. "எல்லாப் பூச்சியும்" என்று அவர் சொன்னது தவறு.

குட்டிகள் விஷயம் வேறு. பால் மறக்கிற வயதில், ஈரக் கொட்டகையில், சளியும் சில சமயம் ரத்தமும் கலந்து கழிந்தால் எனக்கு முதல் சந்தேகம் ரத்தக்கழிச்சல்தான். அதை உண்டாக்குவது காக்சிடியா என்கிற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. அது புழுவே இல்லை, அதனால் எந்தப் பூச்சி மருந்தும் அதற்குக் கேட்காது. சல்ஃபா வகை மருந்தோ ஆம்ப்ரோலியமோ மருத்துவர் எழுதித் தர வேண்டும். நீங்கள் மாதாமாதம் ஊற்றியது அந்த மூன்று குட்டிகளுக்கு உதவியே இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆக, எந்த மருந்து வீரியமானது என்பதை விட்டுவிட்டு, என் ஆட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் புழுக்கைதான் பதில் சொல்லும். நான் போகிற ஊரிலெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்கள் குறைவு: சாணப் பரிசோதனை இல்லாமல் மருந்து பாட்டிலைத் திறக்காதீர்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம், ஆசனவாயிலிருந்து நேராக நாலைந்து புழுக்கை எடுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டி, எந்த ஆடு என்று எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்விட வேண்டும். பரிசோதனையில் எண்ணுவது புழுக்கையில் இருக்கும் புழு முட்டையைத்தான், நம் வெயிலில் ஒரே நாளில் அது பொரிந்துவிடும், அப்புறம் எண்ணிக்கை சரியாக வராது. கழிகிற குட்டி இரண்டு, இளைத்த பெட்டை இரண்டு, நன்றாக இருக்கிற ஆடு இரண்டு, ஆறு பை போதும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள், அல்லது கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் கேளுங்கள். புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்குக் குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்து கொடுத்த பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை குறைந்தபட்சம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யவில்லை. அதையே இன்னும் ஒரு பாட்டில் வாங்குவது வீண்.

வேலை செய்யாமல் போனதற்கு அந்த 5 மில்லியும் ஒரு காரணம். 2.5 சதவீத மருந்தில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். எட்டு கிலோ குட்டிக்கு அது அதிகம். முப்பது கிலோ பெட்டைக்குக் கிலோவுக்கு நான்கு மில்லிகிராம் சொச்சம்தான் போகிறது, வெள்ளாட்டுக்குக் குறைந்தது பத்து மில்லிகிராம் வேண்டும், அதாவது 12 மில்லி. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியை விடச் சீக்கிரம் கழித்துவிடுவதால் செம்மறிக்குச் சொன்ன அளவு இதற்குப் பற்றாது. அரைகுறை மருந்தில் பிழைத்த புழுதான் முட்டை போடுகிறது, மாதாமாதம் நீங்கள் செய்தது மருந்துக்கு அசையாத புழுவைப் பொறுக்கி வளர்த்ததுதான். ஒரு தொங்கு தராசு வாங்கி உத்திரத்தில் மாட்டுங்கள், ஊசியை விட அதுதான் உங்களுக்கு உபயோகம். சினை பிடித்து ஒரு மாதம் ஆகாத பெட்டைக்கு அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, கடையில் இதை யாராவது சொன்னார்களா? பாட்டில் விற்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆட்டைப் பார்க்காமல் ஊசி மருந்து எடுத்துக் கொடுப்பவரிடம் தீவனம் வேண்டுமானால் வாங்குங்கள், மருந்து வாங்காதீர்கள்.

அப்புறம், "சுத்தமாகப் போக வேண்டும்" என்ற ஆசையை விடுங்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்தால் பட்டியில் மிஞ்சுவது மருந்தைத் தாங்கிய புழு மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் இமை நிறத்தை ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றும் இரண்டும் நல்ல சிவப்பு, அவற்றை விட்டுவிடலாம். நான்கும் ஐந்தும் வெளுப்பு, கட்டாயம் மருந்து. மூன்றாம் படியில் குட்டி, சினை, இளைத்தது என்றால் கொடுத்துவிடுங்கள். ஹீமான்கஸுக்கு இது போதும். கழிச்சலையும் நாடாப்புழுவையும் இமை காட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் கீழே விழுந்த முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடும், பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறும். அதனால் விடியற்காலை மேய்ச்சலும், தண்ணீர் நிற்கிற பள்ளமும் வேண்டாம், பனி காய்ந்து ஓட்டுங்கள். அகத்தி, சூபாபுல், பூவரசு, கருவேலந்தழை என்று எட்டி மேய்வதைக் கூட்டுங்கள், கொட்டகையில் தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள், குட்டிகள் படுக்கிற இடம் காய்ந்திருக்க வேண்டும்.

இமை வெளுத்து, மருந்து கொடுத்துத் தேறி, மறுபடி வெளுக்கிற ஆடு உங்கள் பட்டியில் இரண்டு மூன்று இருக்கும். புழுவில் பெரும்பங்கு அவற்றிடம்தான் இருக்கும். எவை என்று குறித்து வைத்து, தேறியிருக்கும்போதே விற்றுவிடுங்கள். அவற்றின் குட்டியைப் பொலிகிடாவாக வைக்காதீர்கள்.