ஆறாத தசைநாண் நோ: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அரிவுவெட்டு முடிந்ததும் முழங்கை, தோள், குதிக்கால் நோ என்று இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு வருபவர்கள் கூடிவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பலதும் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் பற்றியவை. முடிந்தவரை பதில் தருகிறேன்.

விசுவமடு, விவசாயி, 46 வயது: வலது முழங்கையின்ர வெளிப்பக்கம் அஞ்சு மாதமா நோகுது. மண்வெட்டி பிடிக்கேலாது. தேத்தண்ணிக் கோப்பை தூக்கினாலும் உளையுது. எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டிட்டினம். அப்ப ஏன் மாறுதில்லை?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும் ஐயா, தசைநாணைக் காட்டாது. மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் முழங்கையின் வெளிமுனையில் வந்து பிணைகின்றன. மண்வெட்டியை இறுக்கிப் பிடித்துக் கொத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் இழுபடும்.

தசைக்கு இரத்தம் தாராளமாக ஓடுவதால் தசைப்பிடிப்பு சில நாட்களிலோ கிழமைகளிலோ மாறிவிடும். தசைநாணுக்கு இரத்தமும் குறைவு, பழுதுபார்க்கும் கலங்களும் குறைவு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் கூடி, சாப்பாட்டோடு உடம்பிலும் சேர்ந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் குதிக்கால் தசைநாணின் நடுப்பகுதியில் அது பல பத்து வருடங்கள் கழித்தும் அப்படியே இருந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு அந்த நடுப்பகுதி அனேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அவ்வளவு மந்தமான இழையத்திடம் இரண்டு கிழமையில் சுகம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த முழங்கை நோ பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். அதற்காகக் கையைக் கட்டித் தொங்கவிட்டு ஓய்வெடுக்கவேண்டாம். பாரமே படாத தசைநாண் இன்னும் பலம் குறையும். உள்ளங்கை நிலத்தைப் பார்க்க முன்னங்கையை மேசையில் வையுங்கள், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மேலே உயர்த்தி, நோகும் கையால் மட்டும் மெல்ல மெல்ல இறக்குங்கள். 15 தடவை, இடையில் ஆறி மூன்று சுற்று. கிழமைக்குக் கிழமை பாரத்தைக் கூட்டவேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே போத்தலோடு மூன்று மாதம் நிற்பதில் பயனில்லை.

செய்யும்போது கொஞ்சம் நோகும். பத்துக்கு நாலு, ஐந்து அளவு நோவைப் பொறுக்கலாம். அடுத்த நாள் காலையில் அது பயிற்சிக்கு முதல் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கவேண்டும். திரும்பவில்லையென்றால் பாரம் கூடிவிட்டது, ஒரு படி குறையுங்கள். கீழே எல்லாருக்கும் இந்த அளவுகோல்தான்.

அதே விவசாயி: ஊசி ஒண்டு போட்டால் உடன சுகம் எண்டு சொல்லுகினம். காலபோகத்துக்கு முதல் போடலாமோ?

ஸ்டீரொய்ட் ஊசியைச் சொல்கிறீர்கள். உடனே சுகம் என்பது பொய்யில்லை, முதல் சில கிழமை உண்மையில் நன்றாக இருக்கும். பிறகுதான் பிரச்சினை. அவுஸ்திரேலியாவில் 165 பேரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களில் 54 வீதமானோருக்கு நோ திரும்பி வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 வீதமானோருக்குத்தான் திரும்பியது. நோ தெரியாத கையோடு வயலில் இறங்கி முன்னையிலும் கடுமையாக வேலை செய்வீர்கள் என்பது என் பயம். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மல்லாவி, கரப்பந்தாட்ட வீரர், 19 வயது: முழங்கால் சிரட்டைக்குக் கீழ நோ. பாயும்போது கூடுது. சுற்றுப்போட்டி வருது அண்ணா.

தம்பி, விளையாட்டை முழுதாக விடவேண்டாம். பாய்ச்சலை எண்ணிக் குறையுங்கள். கடினமான பாய்ச்சல் பயிற்சிகளுக்கு இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் 45 விநாடி அசையாமல் நில்லுங்கள், ஐந்து தடவை. பலருக்கு இது நோவைத் தணிக்கும். பிறகு பாரம் சுமந்து மெதுவாக இருந்தெழும்பும் பயிற்சிக்கு மாறவேண்டும். போட்டிக்கு முதல் நோக்குளிசை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

புதுக்குடியிருப்பு, 41 வயதுப் பெண்: 2009இல இடது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது. செயற்கைக் கால்தான். இப்ப நல்ல காலின்ர குதிக்கால் பின்பக்க நரம்பு தடிச்சு, விடிய எழும்பி வைக்கேலாமல் கிடக்கு. உடம்பில இன்னும் ஷெல் பீஸ் (குண்டுச் சிதறல்) இருக்கு. ஸ்கான் செய்யலாமோ?

அக்கா, உங்கள் ஒரு கால் இத்தனை வருடமாக இரண்டு காலின் வேலையைச் செய்திருக்கிறது. வன்னியில் உங்களைப் போல பலர் இருக்கிறார்கள். எங்களில் அனேகர் வெட்டுப்பட்ட காலைத்தான் பார்க்கிறோம், மிஞ்சின காலைக் கவனிப்பதில்லை.

முதலில் செயற்கைக் காலைச் சரிபாருங்கள். வெட்டுப்பட்ட கால் உள்ளே நுழையும் சாடி தளர்ந்தாலோ உயரம் சிறிது குறைந்தாலோ பாரமெல்லாம் நல்ல காலில்தான் இறங்கும். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் பொருத்தம் மாறிவிடும். செய்த இடத்துக்குப் போய் அளவு பார்ப்பித்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள்.

குதிக்காலுக்கு உலகெங்கும் சொல்லித்தரும் பயிற்சி சுவீடனில் இருந்து 1998இல் வந்தது: படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை மெல்ல இறக்குவது, 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 கிழமை. திரும்ப மேலே ஏறுவதற்கு மற்றக் காலைப் பாவிப்பார்கள். உங்களுக்கு அது ஏலாது, விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. கதிரையில் இருந்து, நல்ல காலின் தொடையில் முழங்காலுக்குக் கிட்ட ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, குதியை உயர்த்தி நாலு எண்ணும்வரை மெல்ல இறக்குங்கள். பழகியதும் பையைப் பெரிதாக்குங்கள். யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நின்று செய்வது அதற்கு அடுத்த கட்டம். குதிப்பக்கம் சற்று உயர்ந்த செருப்பு இப்போதைக்கு நோவைக் குறைக்கும்.

தசைநாணைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதும், பீஸ் இருந்தாலும் அதில் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவது. யாராவது அதற்கு எழுதினால் உடம்பில் பீஸ் இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வவுனியா வடக்கு, மகள்: அப்பாவுக்கு 63 வயது, சிறுநீரகக் கிளினிக் போறவர். சலக்கிருமிக்கு சிப்ரோஃப்ளொக்சசின் குளிசை குடுத்தவை. நாலாம் நாள் ரெண்டு குதிக்காலும் நோகுது எண்டுறார்.

அடுத்த குளிசையைக் கொடுக்க முதலே மருந்து தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்து தசைநாணைப் பலவீனமாக்கி அறுக்கக்கூடும். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்குக் கடும் எச்சரிக்கை இடவைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. வேறு மருந்து மாற்றித் தருவார்கள். அதுவரை அப்பா பாரம் தூக்கவோ வேகமாக நடக்கவோ கூடாது, பயிற்சியும் இப்போது வேண்டாம்.

அந்த நோவுக்குக் கடையில் டைக்ளோஃபெனக் நோக்குளிசை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழுதான சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். மதவாச்சி, பதவியாவைப் போல வவுனியாவிலும் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிறபடியால் இதை எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான்: அரிவாள் வெட்டினதில சுண்டுவிரலுக்குத் தையல் போட்டது. ஆறு நாளாச்சு, காயம் நல்லா ஒட்டுது. ஆனா விரல் மடியுதில்லை.

நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய், சத்திரசிகிச்சை வைத்தியரிடம் விரல் மடியவில்லை என்று சொல்லுங்கள். மேல்தோல் ஒட்டினாலும் உள்ளே மடக்கும் தசைநாண் அறுந்து, முனைகள் விலகிக் கிடக்கலாம். அப்படி அறுந்தது பயிற்சியால் ஒட்டாது, தைக்கவேண்டும். முதல் ஓரிரு கிழமைக்குள் தைப்பதுதான் நல்லது. பிந்தினால் முனைகள் சுருங்கி வேலை கடினமாகும்.

முல்லைத்தீவு, கரைவலைத் தொழிலாளி: தோள் நோவுக்கு எண்ணெய் போட்டு உருவுறனான். பிழையோ?

பிழையில்லை, உளைவு கொஞ்சநேரம் குறையும். ஆனால் தசைநாணுக்குப் பலம் பாரத்தால்தான் வரும். நீரிழிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சீனி கூடினவர்களுக்குத் தோள் இறுகுவதும் கூட, ஆறுவதும் மெதுவு.

பரந்தன், 55 வயது அம்மா: கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். குதிக்கால் பின்பக்கம் நோ. போகலாமோ?

மூன்று மாதமாவது முன்னுக்குத் தொடங்கினால் போகலாம் அம்மா. இப்போது நோகாமல் நடக்கக்கூடிய தூரத்தில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை சிறிதாகக் கூட்டுங்கள். குதி உயர்த்தும் பயிற்சியையும் இன்றைக்கே தொடங்குங்கள். வெறுங்காலோடு நடப்பதென்றால் அதையும் இப்போதே சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும், யாத்திரையில் முதல்முறையாகச் செருப்பைக் கழற்றவேண்டாம்.

வழியில் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் திடீரென்று அடித்து, பெருவிரலில் எம்பி நிற்க ஏலாமல் போனால், குப்புறப் படுத்து இன்னொருவரைக் கெண்டைக்காலை அமுக்கச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கிறது, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் வெறும் நோ மட்டுமென்றால், ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி வைக்கும் முதல் பத்து அடி எப்படியிருக்கிறது என்று பார்த்து அன்றைய தூரத்தை முடிவெடுங்கள்.