தெருக் குழுவில் ஒரு வரி எழுதி, பக்கத்து வீட்டு அக்கா பேசாமல் போனதற்கு

புதிதாகக் குடிவந்த தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுத் தம்பதியின் சண்டை பேச்சுக்கு வந்திருக்கிறது. நீங்களும் "உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு நாளாக அந்த அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறீர்கள்.

சொன்னது தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. தன் வீட்டு விஷயத்தைத் தெருவே பேசுகிறது, நேற்று வந்தவர் உட்பட! அவருக்கு வலித்தது அதுதான்.

இனி அழிக்கவும் வழியில்லை. எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் தருவது இரண்டு நாளுக்குச் சற்று மேல். திருத்த 15 நிமிடம்தான். குழுவிலேயே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதிவிடாதீர்கள், அடங்கிய பேச்சு மறுபடி கிளம்பும். நேரில் போங்கள். "நான் அங்கே எழுதியிருக்கக் கூடாது, அக்கா" என்ற ஒரு வரி போதும். விளக்கம் வேண்டாம், சண்டை என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு வேண்டவே வேண்டாம். அவர் உடனே சிரிக்காவிட்டால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள்.

அப்புறம், குழுவை விட்டு விலகாதீர்கள், கோபித்துக்கொண்டு போனதாகத்தான் நினைப்பார்கள். தெருவிளக்கு, தண்ணீர் என்று பொதுக் காரியம் வரும்போது பேசுங்கள். அடுத்தவர் குடும்பம் பேச்சில் வந்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.