கேன்டீனில் ஒலிவர் கான் பேச்சு வந்தால்

தம்பி, 2008-லேயே ஓய்வு பெற்ற ஒரு கோல்கீப்பரைப் பற்றி ஆபீஸில் இன்னும் ஏன் இவ்வளவு பேச்சு, பாதிப் பேர் கிண்டல் செய்கிறார்கள், பாதிப் பேர் உருகுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மியூனிக்கில் குடியேறியவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வருகிற சந்தேகம்தான்.

கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கான் கார்ல்ஸ்ரூவே என்ற ஜெர்மன் ஊர்க்காரர். 1994-ல் மியூனிக்கின் பேயர்ன் அணிக்கு வந்து 14 வருடம் ஆடினார். 8 புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டம், ஜெர்மனிக்காக 86 ஆட்டம். ஆனால் உங்கள் சகாக்கள் இதற்காக உருகவில்லை.

முதலில் அந்த மனிதரை ஊரே வெறுத்தது. வெளியூர் மைதானங்களில் வாழைப்பழம் எறிவார்கள். 2000-ல் ஃப்ரைபுர்க்கில் கூட்டத்திலிருந்து வந்த கோல்ஃப் பந்து தலையில் பட்டு ரத்தம் கொட்டியது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை; 1999-ல் டோர்ட்முண்டில் எதிரணி ஆட்டக்காரரை நோக்கிக் காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார், அதே ஆட்டத்தில் இன்னொருவர் கழுத்தருகே வாயைக் கொண்டுபோனார்!

அதே ஆண்டு பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. 90 நிமிடம் வரை பேயர்ன் முன்னிலை, அதற்குமேல் நடுவர் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைப் பறித்தது. 2001-ல் மிலானில் நடந்த அதே கோப்பையின் இறுதியில் ஸ்பெயின் அணி வலென்சியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பையை வாங்கினார். பிறகு அழுதுகொண்டிருந்த எதிரணி கோல்கீப்பர் கன்யிசாரெஸைத் தேடிப்போய்த் தேற்றினார். 2002 உலகக் கோப்பையில் இறுதிக்கு வரும்வரை ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து கையிலிருந்து நழுவ, ரொனால்டோ உள்ளே தள்ளினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அப்போதும் அவருக்குத்தான். வேறெந்த கோல்கீப்பருக்கும் அது கிடைத்ததில்லை.

என் கணிப்பில் ஜெர்மானியர்கள் மனம் மாறியது 2006-ல். சொந்த நாட்டு உலகக் கோப்பை, பயிற்சியாளர் கிளின்ஸ்மன் அவரை உட்காரவைத்துவிட்டு இன்னொரு கோல்கீப்பர் லேமனைத் தேர்ந்தெடுத்தார். கானுக்கும் லேமனுக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. காலிறுதியில் அர்ஜென்டினாவுடன் பெனால்டிக்குப் போனபோது, கான் எழுந்துபோய் லேமனின் கையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அன்றுவரை திட்டித் தீர்த்தவர்கள்கூட அதற்குப் பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்கள். சின்னப் பையன்களுக்கு அவர் பேயர்னின் நிர்வாகத் தலைவராக இருந்து, 2023-ல் அணி பட்டம் வென்ற அன்றே பதவி பறிபோனவர். அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை. பேசுபவர் ஷால்க என்ற எதிரணியின் ரசிகரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2001 மே மாதம் நாலு நிமிடம் தாங்கள்தான் புண்டஸ்லிகா சாம்பியன் என்று அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதற்குள் பேயர்ன் ஹாம்பர்க்கில் கடைசி நொடி கோல் போட்டுப் பட்டத்தைப் பறிக்க, கான் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு புல்லில் கிடந்து கத்தினார். அவர்களிடம் அந்தக் கொடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

பேச்சில் சேர ஒரு வழி வேண்டுமென்றால் கொல்கத்தாவைச் சொல்லுங்கள். 2008 மே மாதம் சால்ட் லேக் மைதானத்தில், உள்ளூர் அணியான மோகன் பகானுக்கு எதிராக, லட்சம் பேருக்கு மேல் கூடி அவரை வழியனுப்பினார்கள். மியூனிக்கில் முறையான பிரிவு ஆட்டம் செப்டம்பரில்தான் நடந்தது. இங்கே பலருக்கும் இது தெரியாது.